ஃபார்ம் சிக்ஸா? மெட்ரிக் கிடைக்கலையா?

பதினாறு வயதில் பள்ளியா கல்லூரியா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் கொடுப்பினை இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும்தான். பினாங்குப் பையன் அந்த வயதில் நான்காம் படிவத்தில் கடைசி பெஞ்சில் நிம்மதியாக இருப்பான். ஐந்தாம் படிவம் முடித்து எஸ்.பி.எம் எழுதும்போது அவனுக்குப் பதினேழு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, மலாய்மொழி மதிப்பெண் போதாமல் இடைநிலைப்பள்ளி வாசலில் 'ரிமூவ்' வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து எழுந்தவன் என்றால் பதினெட்டு. மீசை வந்துவிட்டது, மோட்டார் லைசென்ஸ் வந்துவிட்டது. அடுத்து என்ன என்ற கேள்விக்குப் பதில்தான் வரவில்லை.

பதில் வராததற்கு அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. தேர்வு முடிந்து ரிசல்ட் வருவதற்குள் சில மாதங்கள் இடைவெளி. அதற்குள் ஜார்ஜ்டவுன் பிள்ளைகளில் பலர் சம்பளக்காரர்களாகிவிடுகிறார்கள். பிராங்கின் மாலில் கைப்பேசிக் கவர் விற்கிறார்கள், கர்னி பிளாசாவில் சப்பாத்து அளவு எடுக்கிறார்கள், லிட்டில் இந்தியா துணிக்கடையில் சேலை மடிக்கிறார்கள். முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் பையனின் நடையே மாறிவிடும். வீட்டில் அப்பாவுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கருத்துச் சொல்ல ஆரம்பிப்பான். அப்படிப்பட்ட ஆளிடம் போய், "தம்பி, திரும்பவும் பள்ளிக்கூடம் போறியா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

பினாங்கில் கல்லூரிக்கும் பள்ளிக்கும் நடக்கும் போட்டியில் பாடத்திட்டத்துக்குப் பெரிய வேலை கிடையாது. அங்கே நடப்பது கால்சட்டைப் பிரச்சினை. ஐந்து வருடம் வெள்ளைச் சட்டை, பச்சைக் கால்சட்டை. காதைத் தொட்டால் முடிக்குக் கத்தரி. ஆறாம் படிவத்துக்குப் போனால் இது இன்னும் ஒன்றரை வருடம் நீளும். சில பள்ளிகளில் கழுத்தில் டையும் சேரும். பக்கத்து வீட்டுப் பையனோ ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, கழுத்தில் அட்டை தொங்க, ஒன்பதரை மணிக்குக் காலேஜுக்குக் கிளம்புவான். அவன் என்ன படிக்கிறான் என்று அவனுக்கே நிச்சயமில்லை. தெருவுக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டில் கூடும் ஆலோசனைக் குழு வேறு ரகம். ரிசல்ட் வந்த அன்று மாலையே பெரியப்பா வந்துவிடுவார். மாமா வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். தண்ணீர்மலை கோவிலில் பார்க்கிற அத்தை, அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே விசாரிப்பார்.

"பையன் என்ன செய்யப் போறான்?"

"ஃபார்ம் சிக்ஸ் வந்திருக்கு அண்ணி."

"ஃபார்ம் சிக்ஸா? ஏன், மெட்ரிக் கிடைக்கலையா?"

துக்கம் விசாரிக்கிற குரல்தான். கேட்கிற அத்தைக்கு ஆறாம் படிவத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று தெரியாது. ஆனால் அது கடைசியில் போகிற இடம் என்பது மட்டும் எப்படியோ தெரியும்.

மெட்ரிக்குலேஷன் என்பது ஒரு வருடப் படிப்பு. தங்கிப் படிக்க இடமும் கைச்செலவுக்குப் பணமும் அரசே கொடுக்கிறது. முடித்தால் நேராகப் பல்கலைக்கழகம். பினாங்கு மெட்ரிக்குலேஷன் கல்லூரி தீவில் இல்லை. கடல் தாண்டி கெப்பாலா பத்தாஸ் பக்கம் இருக்கிறது. கடலைத் தாண்டுவது சுலபம், பாலம் இருக்கிறது. கணக்கைத் தாண்டுவதுதான் கடினம். பூமிபுத்ராக்களுக்கு 90 விழுக்காடு, மற்ற எல்லாருக்கும் சேர்த்து 10 என்பது 2000களின் தொடக்கத்திலிருந்து நடைமுறை. 2019 ஏப்ரலில் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள். 90க்கு 10 அப்படியே நின்றது. 2024 ஜூன் 30 அன்று பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம்மில் 10 ஏ எடுத்த எவருக்கும் இனம் பார்க்காமல் மெட்ரிக்கில் இடம் உண்டு என்று அறிவித்தார்.

நல்ல செய்திதான். ஆனால் அன்றிலிருந்து ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் வீட்டில் நிம்மதி போயிற்று. ஒன்பது ஏ என்றால் ஊரே கொண்டாட வேண்டும். "அந்தப் பத்தாவது எங்கே?" என்று கேட்கிறார்கள். பல தமிழ்வீடுகளில் அந்தப் பத்தாவது பாடம் தமிழாகவே இருப்பதுதான் வேடிக்கை. "தமிழ் எடுத்தா ரிசல்ட் கெட்டுப்போகும்" என்று தடுத்த அதே அம்மா, "தமிழ் எடுடா, எண்ணிக்கை குறையுது" என்று கெஞ்சுகிற காலம் வந்திருக்கிறது. தொல்காப்பியர் செய்யாததை ஒரு சேர்க்கை விதி செய்துகொண்டிருக்கிறது.

மெட்ரிக் கைவிட்டால் அடுத்தது தனியார் கல்லூரி. இதில் ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. இங்கே உயர்கல்வி பங்களாக்களில் குடியிருக்கிறது. 1987இல் தொடங்கிய டிஸ்டெட் கல்லூரி மெக்காலிஸ்டர் ரோட்டில் ஒரு பழைய மாளிகையில் இயங்கியது. 2006இல் வந்த வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நார்த்தம் ரோட்டில், கோடீஸ்வர தவுக்கே ஒருவர் வாழ்ந்த 'ஹோம்ஸ்டெட்' மாளிகையில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்மோ மின்டனில் பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாமில் வளர்ந்தது. காசு கொடுத்தால் தவுக்கே வீடு, மதிப்பெண் கொடுத்தால் பட்டாளத்து லயம்.

கல்விக் கண்காட்சிக்குப் போய்ப் பார்த்தால் அப்பாக்களின் பாடு புரியும். பலூன், பேனா, துணிப்பை எல்லாம் இலவசம். மேசைக்கு அந்தப் பக்கம் கோட்டு போட்ட இளம்பெண் சிரித்தபடி, "அங்கிள், டிரையல் ரிசல்ட் இருந்தா போதும், இப்பவே ஸ்காலர்ஷிப் போட்டுக் கொடுக்கலாம்" என்பார். கட்டணத்தில் கால்வாசி தள்ளுபடிக்கு ஸ்காலர்ஷிப் என்று பெயர். மீதி முக்கால்வாசி ஒரு வருட ஃபவுண்டேஷனுக்கே ஐந்து இலக்கத்தில் நிற்கும். அதற்குப் பிறகு டிகிரிக்கு என்ன வழி என்று கேட்டால் பி.டி.பி.டி.என் இருக்கிறது என்பார். 1997இல் தொடங்கிய இந்த உயர்கல்விக் கடன் நிதியால் படித்து முன்னேறியவர்கள் ஏராளம். திருப்பிக் கட்டாமல், லங்காவி தாண்டி எங்காவது போகலாம் என்று விமான நிலையம் வரை போய், குடிநுழைவு அதிகாரியிடம் பெயர் மாட்டித் திரும்பி வந்தவர்களும் உண்டு. அந்தப் பயணத்தடையை 2018இல்தான் எடுத்தார்கள்.

மாமா கட்சி தனி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கிறவர். 1972இல் இன்டெல் வந்து கடை போட்ட நாளிலிருந்து அந்த வட்டாரம் இப்படி ஒரு மாமாவை வீட்டுக்கு ஒருவராக உற்பத்தி செய்திருக்கிறது. "டிகிரி எல்லாம் வேணாம்டா. பாலிடெக்னிக் போ, இல்ல பி.எஸ்.டி.சி போ. மிஷின் தெரிஞ்சவனுக்குத்தான் மரியாதை" என்பார். தொழிற்சாலைகளும் மாநில அரசும் சேர்ந்து 1989இல் தொடங்கிய அந்தத் திறன் பயிற்சி மையத்தைப் பற்றி அவர் சொல்வது நியாயம்தான். தன் மகளை மட்டும் அவர் மருத்துவத்துக்குத் தயார் செய்துகொண்டிருப்பார்.

இப்படி மெட்ரிக் கிடைக்காமல், பங்களாவுக்குக் காசில்லாமல், மாமா பேச்சும் பிடிக்காமல் ஆண்டின் நடுவில் ஆறாம் படிவ வகுப்பறைக்கு வந்து சேர்கிறவர்களின் முதல் சில வாரங்களைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். லோயர் சிக்ஸ் தொடங்கும் அன்று வகுப்பு நிறைந்திருக்கும். யாரும் புத்தகத்துக்கு அட்டை போட மாட்டார்கள். போடுகிறவனைப் பார்த்து மற்றவர்கள், "நீ நிரந்தரமா?" என்று கேட்பார்கள். எல்லாருடைய கைப்பேசியும் மேசைக்கு அடியில், அரசு உயர்கல்விச் சேர்க்கைக்கான யு.பி.யு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும். ஆசிரியர் உயரமான, குரல் கனமான ஒருவனை வகுப்புத் தலைவனாக்குவார். மறுவாரம் அவனுக்கு பாலிக் புலாவ் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்துவிடும். அடுத்து ஒரு பெண் வருவாள். மெட்ரிக் இரண்டாம் சுற்றில் அவள் போய்விடுவாள். துணைத்தலைவனுக்கு எங்கோ டிப்ளோமா. கடைசியில் சன்னல் ஓரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு பையன் தலைவனாவான். வேறெங்கும் விண்ணப்பம் போடாததுதான் அவனுக்கிருந்த ஒரே தகுதி. வாராவாரம் பிரியாவிடைக்கு கேக் வெட்டி வெட்டி வகுப்பு நிதி கரைந்துபோகும்.

எஞ்சி நிற்கிறவர்களுக்கு அப்புறம்தான் படிப்பே ஆரம்பம். மூன்று செமஸ்டர், ஒவ்வொன்றுக்கும் தேர்வு, இடையில் ஆய்வுப்பணி, கூடவே எம்.யு.இ.டி ஆங்கிலத் தேர்வு. பொதுவாக எடுக்கும் நான்கு பாடங்களில் ஒன்று கட்டாயப் பொதுப்பாடம். பள்ளிக் கட்டணம் இல்லை, ஆனால் மெட்ரிக்கில் வருகிற மாதாந்திரக் கைச்செலவும் இல்லை. முடிவில் தரப்புள்ளி 4.00 எடுத்தால் மெட்ரிக்கில் 4.00 எடுத்தவரோடு ஒரே வரிசையில் நிற்கலாம். ஒன்றரை வருடம் ஓடியவரையும் ஒரு வருடம் ஓடியவரையும் ஒரே கயிற்றில் நிறுத்தி எண்ணுகிறார்கள் என்று ஆண்டுதோறும் பத்திரிகைகளில் புலம்பல் வரும், நியாயமான புலம்பல்.

இதை எழுதுகிறவர் ஆறாம் படிவத்தின் கட்சிக்காரர். அதை மறைப்பதில் பயனில்லை. ஒதுக்கீடும் கேட்காமல் பணமும் கேட்காமல் பல்கலைக்கழகம் வரை கூட்டிப்போகிற வேறு வழி இந்த ஊரில் அதிகம் இல்லை. தமிழை ஒரு பாடமாக எடுத்து, 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை வரை போவதற்கும் அந்த வகுப்பறைதான் வழி. அதற்குப் போய் ஐயோ பாவம் என்று முகத்தைச் சுளிப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

தாத்தா தலைமுறையில் இந்தச் சுளிப்பு கிடையாது. 1969இல் யு.எஸ்.எம் வருகிற வரை நாட்டில் இருந்ததே ஒரு பல்கலைக்கழகம். அப்போது ஆறாம் படிவத் தேர்வுக்கு எச்.எஸ்.சி என்று பெயர். 1816இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலோ, 1852இன் செயின்ட் சேவியரிலோ ஒருவன் சிக்ஸ்த் ஃபார்முக்குப் போனால், அவன் வீட்டுக்கு வரன்கள் வர ஆரம்பித்துவிடும். அந்த எச்.எஸ்.சியின் இடத்துக்கு எஸ்.டி.பி.எம் வந்தது 1982இல். பாடமும் தரமும் இறங்கவில்லை. சுற்றிலும் காலேஜ் என்ற பெயர்ப்பலகைகள்தான் கூடிப்போயின.

தமிழ்நாட்டில் இதே நாடகம் தலைகீழாக நடந்தது. அங்கே பதினோராம் வகுப்பு முடித்த பதினாறு வயதுப் பையன் பி.யு.சி படிக்கக் கல்லூரிக்கே போனான். முழுக்கால்சட்டையும் கையில் ஒற்றை நோட்டுமாக அவன் காட்டிய மிடுக்கை அண்ணன்மார் இன்னும் சொல்லி மாள்வதில்லை. 1978இல் பிளஸ் டூ வந்து அந்தப் படிப்பைப் பள்ளிக்கூடத்துக்குள் இழுத்துக்கொண்டது. தம்பிமார் மணி அடித்ததும் வரிசையில் நின்றார்கள். சிங்கப்பூர் இதைவிடச் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. 1969இலேயே ஜூனியர் காலேஜ் என்று பெயர் வைத்து, சீருடையும் போட்டுவிட்டது. பெயரில் பிள்ளைக்குத் திருப்தி, உடையில் பெற்றோருக்குத் திருப்தி.

நம் கல்வி அமைச்சும் கடைசியில் இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டது. ஆறாம் படிவத்தை மூன்று வகையாகப் பிரித்தார்கள். தனிக் கல்லூரியாகவே நடப்பது ஒன்று, பள்ளி வளாகத்துக்குள் தனிக் கட்டடம் கொண்டது இன்னொன்று, பழையபடி பள்ளிக்குள்ளேயே வகுப்பாக நடப்பது மூன்றாவது. அப்படித்தான் ஹேமில்டன் ரோட்டில் ஹாஜி ஜைனுல் ஆபிடின் இடைநிலைப்பள்ளி இருந்த இடத்தில் இன்று ஹாஜி ஜைனுல் ஆபிடின் ஆறாம் படிவக் கல்லூரி நிற்கிறது. பள்ளியா கல்லூரியா என்று குழம்பிய ஊருக்கு, இரண்டுமான ஓரிடம் கிடைத்துவிட்டது. அங்கே சேர்ந்தவன் இனி அத்தைக்குப் பதில் சொல்லத் திணற வேண்டியதில்லை.

"காலேஜ்ல இருக்கேன் அத்தை."

"எந்தக் காலேஜ்?"

"ஹேமில்டன் ரோடு."

அத்தை அதற்கு மேல் கேட்க மாட்டார். வெளிநாட்டோடு கூட்டு வைத்த ஏதோ புதுக் கல்லூரி என்று நினைத்துக்கொள்வார்.

பெயர் மாறினாலும் கணக்கு மாறவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 90 விழுக்காடு; புறப்பாட நடவடிக்கைக்கு 10. மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் போட்டியிடுகிறவர்களுக்கு அந்தப் பத்துதான் உயிர். அதனால் பச்சைக் கால்சட்டை வேண்டாம், மானம் போகிறது என்று ஆண்டின் நடுவில் வீட்டில் சத்தம் போட்ட அதே பையன், வருடக் கடைசியில் சீருடை இயக்கத்தில் தானே போய்ப் பெயர் கொடுக்கிறான். புதன்கிழமை பிற்பகல், பினாங்கு வெயில் உச்சியில் நிற்க, பத்தொன்பது வயதில், மீசையோடு, செயின்ட் ஜான் முதலுதவிப் படைச் சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, நான்காம் படிவச் சின்னப்பையன்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிக்கச் சிரிக்க, இடது வலது இடது என்று நடந்துகொண்டிருக்கிறான். துவைத்துத் தேய்த்துப் போட இப்போது வாரத்துக்கு இரண்டு சீருடை. தேய்த்துக் கொடுப்பது அம்மா.