பள்ளிப்பையின் தன்கதை

கேள்வி: எழுதுவது சிந்தனையின் வளர்ச்சி என்று நம்பும் ஆசிரியரே வகுப்பில் மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்யச் சொல்வது ஏன்? (வாசகர், ஷா ஆலம்)

பதில்: நம்பிக்கை பயிற்சிக் கல்லூரியில் பிறந்தது, பழக்கமோ தேர்வு மண்டபத்தில் வளர்ந்தது. மலேசியத் தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதப்பட்ட, 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டு, ஆசிரியரே ஆண்டு முழுவதும் மாணவரைக் கவனித்து அளவிடும் வகுப்புசார் மதிப்பீடு முதன்மை பெற்ற பின்னும், தமிழ்ப்பள்ளிக் கட்டுரை ஏட்டின் தன்கதைகளில் பள்ளிப்பை தொழிற்சாலையில் பிறந்து, கடையில் தொங்கி, கிழிந்து, குப்பைத்தொட்டியில்தான் கண்ணீர் விடுகிறது. தேர்வு போனாலும் அதன் அச்சு போகவில்லை.

இதற்கு ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமன்று; ஏடுகளின் குவியலும் பெற்றோரின் எதிர்பார்ப்பும் அவரை அவசரப்படுத்துகின்றன. எனினும், திட்டமிட்டு, வரைந்து, திருத்தி, மீண்டும் எழுதும் செயல்முறை எழுத்தை அவர் மெய்யாகவே நம்பினால், அந்த நம்பிக்கை முதலில் தெரிய வேண்டிய இடம் அவருடைய சிவப்புப் பேனாவே. முதல் வரைவில் லகர, ளகர, ழகரப் பிழைகளை வட்டமிடுவதைக் கடைசி வரைவுக்கு ஒத்திவைத்து, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியை, "இந்தப் பை மழையில் நனைந்த அன்று உள்ளே என்ன இருந்தது?" என்று எழுதினால், அதற்கு விடை சொல்ல எந்த மாதிரிக் கட்டுரையும் உதவாது.