முதல் பாகம் பார்க்காதவர்

நாலு டிக்கெட் எடுத்தால் கடைசி நேரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும். அந்த டிக்கெட்டில் வந்து உட்காருகிறவரைப் பற்றியது இது.

அவர் படம் பார்க்க வந்தவர் அல்லர். வீட்டில் சும்மா இருந்தார். சீட்டு வீணாகக் கூடாது. வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் வருவது எப்போதும் இரண்டாம் பாகத்துக்குத்தான். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் பாகம் ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் முந்திக்கொண்டு டிக்கெட் எடுப்பதில்லை. இரண்டாம் பாகம் என்றால்தான் பத்து நாள் முன்பே குடும்பத்தோடு பதிவு செய்கிறோம். காய்ச்சலுக்கும் போதிய அவகாசம் கிடைக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பதவி என் மாமாவுக்கு. பொதுப்பணித் துறையில் அணை, கண்மாய், மதகு என்று முப்பது வருடத்துக்கு மேல் கழித்து ஓய்வு பெற்றவர். அவருடைய விஞ்ஞானப் பட அனுபவம் முழுவதும் இரண்டாம் பாகங்களால் ஆனது. 'டெர்மினேட்டர்' இரண்டாம் பாகத்தை யாரோ எடுத்த டிக்கெட்டில்தான் பார்த்தார். 1984-இல் அர்னால்டைக் கொலைகார இயந்திரமாகக் காட்டிவிட்டு, 1991-இல் அதே முகத்தைக் கொண்டுவந்து, கொல்ல வந்தானா காக்க வந்தானா என்று கொஞ்ச நேரம் தவிக்கவைத்தார் ஜேம்ஸ் கேமரூன். மாமாவுக்கு ஒரு தவிப்பும் இல்லை. நல்ல மனிதர், சின்னப் பையனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். பல வருடம் கழித்து டிவியில் முதல் பாகம் போட்டபோதுதான் ஆடிப்போனார்.

"என்னடே இது, அவ்வளவு தங்கமான மனுசன் இப்படிக் கெட்டுப் போயிட்டான்? சேர்க்கை சரியில்ல போல."

'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 1980-இல் வந்த இரண்டாவது படத்தை என் கம்ப்யூட்டரில் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். 'நான்தான் உன் அப்பன்' என்று வில்லன் சொன்னதும் கதாநாயகன் கையை விட்டுப் பள்ளத்தில் விழுகிற காட்சி. உலகமே உறைந்துபோன இடம். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. காணாமல் போன அப்பா கிடைத்தால் மச்சத்தைக் காட்டி, கட்டிப்பிடித்து, குடும்பப் பாட்டைப் பாடுவதுதானே முறை? குதிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

2022 டிசம்பரில் 'அவதார்' இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகம் வந்த 2009-இல் பிறந்த என் மகன் அப்போது எட்டாம் வகுப்பு. முதல் பாகத்தை முந்தின இரவு மறுபடியும் பார்த்து, பரீட்சைக்குப் போகிறவனைப் போல வந்திருந்தான். மகளுக்குக் காய்ச்சல். மாமா வந்தார்.

ஆட்டோவிலேயே பையன் பாடம் எடுக்க ஆரம்பித்தான். பண்டோரா என்று ஒரு நிலவு, அங்கே நாவி என்கிற நீல மனிதர்கள். ஜேக் என்கிற ராணுவக்காரருக்குக் கால் நடக்காது. அவர் உடம்பை இங்கே பெட்டிக்குள் படுக்கவைத்துவிட்டு, நினைவை மட்டும் அங்கே ஒரு நாவி உடம்புக்குள்...

"கூடு விட்டுக் கூடு பாய்ஞ்சிருக்கான்," என்றார் மாமா. "விக்கிரமாதித்தன் கதையில வாரதுதான். மேல சொல்லு."

மேலே சொல்ல அவனிடம் அதிகம் இருக்கவில்லை. இரண்டே முக்கால் மணி நேரப் படம் ஒரு சிக்னலுக்குள் முடிந்துவிட்டது.

தியேட்டரில், தன் பவர் கண்ணாடிக்கு மேல் 3டி கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, இரண்டையும் ஒரு கையால் பிடித்தபடியே உட்கார்ந்தார். அவருக்குச் சந்தேகம் வந்தால் அது நாலு வரிசைக்குக் கேட்கும். எல்லாரும் நீலமாக இருந்ததால் சந்தேகத்துக்குக் குறைவில்லை. போன படத்தில் அம்பு பட்டுச் செத்த குவாரிச் என்கிற வில்லன், நாவி உடம்போடு திரும்பி வந்தார்.

"செத்துப் போனவர்தான் தாத்தா. முன்னாடியே நினைவைச் சேமிச்சு வச்சு, வேற உடம்புல ஏத்திட்டாங்க."

"'நெஞ்சம் மறப்பதில்லை'. ஸ்ரீதர் 1963-லயே எடுத்துட்டாரு."

"அதுவும் சயின்ஸ் ஃபிக்‌ஷனா தாத்தா?"

"ஆமா. பிளாக் அண்ட் ஒயிட்."

விண்கலம், துப்பாக்கி, கணினித் திரை எது வந்தாலும் மாமா தூங்கிவிடுவார். கோடி கோடியாகக் கொட்டியிருப்பது அங்கேதான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அப்படி ஒரு தூக்கத்திலிருந்து அவர் விழித்த இடம், ஜேக் தன் மனைவி மக்களோடு காட்டைக் காலி செய்துவிட்டுக் கடலோரத்து நாவிகளிடம் போய் இறங்குகிற காட்சி. சாமான் ரொம்ப இல்லை. பிள்ளைகள் மிரண்டு நிற்கிறார்கள். ஊர்க்காரர்கள் சுற்றி வந்து ஏற இறங்கப் பார்க்கிறார்கள். தலைவரின் மனைவி, வந்த பிள்ளைகளின் ஒல்லி வாலைப் பிடித்துக் காட்டி, இதை வைத்துக்கொண்டு இங்கே எப்படி நீந்துவது என்கிறாள்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது டிரான்ஸ்ஃபர்லா!" என்றார். நாலு வரிசைக்கும் கேட்டது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மணிமுத்தாறு அணைக் குடியிருப்பில் மலையடிவாரத்துக் குளிர்ச்சியில் இருந்த மாமாவை, ஒரு நாள் ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்க்குத் தூக்கிப் போட்டார்கள். குடித்தனம் தொண்டியில், கடலுக்குப் பக்கத்தில். அங்கே பள்ளிக்கூடத்தில் மாமா பிள்ளைகள் வாயைத் திறந்து 'ஏல' என்றால் போதும், வகுப்பே சிரிக்கும். ஆற்றில் மீனாக நீந்தியவர்கள் கடல் அலையைக் கண்டு கரையில் நின்றார்கள். அத்தை ஆறு மாதம் அட்டைப் பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மாமாவிடமிருந்து ஒரு சந்தேகமும் வரவில்லை. கையில் ஐந்து விரல் இருப்பதற்காக ஜேக்கின் இளைய மகனை ஊர்ப் பையன்கள் கேலி செய்கிறார்கள் (நாவிகளுக்கு நாலுதான்). சண்டை வருகிறது. தப்பு ஊர்ப் பையன்கள் மேல். ஆனாலும் ஜேக், போய் மன்னிப்புக் கேள் என்று தன் மகனைத்தான் அனுப்புகிறான். என் மகன் பல்லைக் கடித்தான். மாமா மெதுவாகச் சொன்னார், இந்தத் தடவை எனக்கு மட்டும் கேட்கும்படி: "நானும் பெரியவனை அப்படித்தான் அனுப்புனேன். புது ஊருல போயி நியாயம் பேச முடியாதுல்லா."

இடைவேளையில் பையன் படமெடுத்த பெருமைகளை எடுத்துவிட்டான். நடிகர்கள் நிஜமாகவே தண்ணீருக்குள் நடித்தார்கள். கேட் வின்ஸ்லெட் ஏழு நிமிடத்துக்கு மேல் மூச்சை அடக்கியிருக்கிறார். அதற்காகவே ஒன்பது லட்சம் காலன் தண்ணீர் பிடிக்கிற தொட்டி கட்டினார்கள்.

மாமா கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "காலனை ஏழரையால வகுத்தா கன அடி. பூஜ்யம் புள்ளி ஒண்ணு ரெண்டு மில்லியன் கன அடி. ஒரு ஊருணித் தண்ணிடே. கலுங்கு வச்சிருக்கானா?"

பையன் விடவில்லை. பதினாலு வயதுப் பெண்ணாக வருகிற கிரி யார் தெரியுமா, 1949-இல் பிறந்த சிகோர்னி வீவர் என்றான். நம் கதாநாயகர்கள் எந்த வயது வரைக்கும் காலேஜுக்குப் போனார்கள் என்று மாமா பதிலுக்கு ஒரு பட்டியல் வாசித்தார். பாப்கார்ன் விலையைக் கேட்டதும் அதுவும் நின்றுவிட்டது.

இரண்டாம் பாதியின் பெரிய சண்டையில் ஒரு கப்பல் கவிழ்கிறது. 'டைட்டானிக்' எடுத்தவரும் இவர்தான் என்று பையன் காதில் ஓதினான். "கப்பல் கவுக்காம இருக்க மாட்டாரு போல," என்று சொல்லிவிட்டு மாமா தூங்கினார். நிஜமாகச் சொன்னால் எனக்கும் கண் சொருகியது. மூன்றே கால் மணி நேரப் படத்தில் அந்தச் சண்டை மட்டும் ஒரு யுகம். மாமா விழித்தபோது ஜேக்கின் மூத்த மகனைக் கடலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்கத் திரும்பினார். என் மகன் 3டி கண்ணாடியைக் கழற்றி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். மாமா கேட்கவில்லை. கையை அவன் தோளில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து, டீக்கடையில் நின்று தீர்ப்பு வழங்கினார்: "நல்ல குடும்பப் படம். அந்த மெஷின் சமாச்சாரத்தை எல்லாம் எடுத்துட்டா இன்னும் நல்லா இருக்கும்."

மெஷின் சமாச்சாரத்தை எடுத்துவிட்டால் அது 'அவதார்' இல்லை என்று பையன் வீடு வரைக்கும் வாதாடினான். உலக வசூலில் இருநூறு கோடி டாலரைத் தாண்டிய படம் அது. கதை மெலிந்தது, காட்சி கொழுத்தது என்று விமரிசகர்களில் பலர் எழுதினார்கள். எனக்கு மாமா கட்சிதான். மெலிந்தது என்று அவர்கள் தள்ளிய கதையில்தான் இவருக்கு ஒரு வீடு காலி செய்த துக்கம் கிடைத்தது. முதல் பாகத்தைப் போட்டுக் காட்டட்டுமா என்று பையன் அவரிடம் பல தடவை கேட்டுவிட்டான். வேண்டாம் என்கிறார். அர்னால்டு விஷயத்தில் ஒரு தடவை பட்டது போதுமாம்.

2025 டிசம்பரில் மூன்றாம் பாகம் வந்தது. அந்த வாரம் மாமாவிடமிருந்து போன்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? மக எப்படி இருக்கா? காய்ச்சல், கீய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தோம். ஐந்து டிக்கெட் எடுத்தேன்.