எம்ஜிபி காரின் துருவும் மூலபாடமும்: ஒரு நுண்ணாய்வு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் எதிர்பார்க்க வேண்டிய குறைகளைப் பற்றி இதுகாறும் எழுதியோர் அனைவரும் ஒரே அனுமானத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள்: கார்தான் முதலில் இருந்தது, குறை அதன்மேல் பிறகு வந்து படிந்தது என்பது அவர்கள் எண்ணம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. குறையே மூலபாடம், கார் பிற்கால இடைச்செருகல். இதை நிறுவ, இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்ஜிபி என்னும் வண்டியைச் சான்றாகக் கொள்கிறோம். 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டதால் பிரதிகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்று துருப்பிடித்ததுபோல் இன்னொன்று துருப்பிடித்ததில்லை என்பதால் பாடபேதங்களுக்கும் பஞ்சமில்லை. ஓர் ஆய்வாளர் ஓய்வுபெறும்வரை தாங்கும்.

வகைப்படுத்தாத ஆய்வு ஆய்வன்று என்பதால் வகைப்படுத்துகிறோம். கம்பிச் சக்கரம்: உள்பற்கள் தேய்ந்திருந்தால் ரிவர்ஸ் எடுத்து மறுபடி முன்னே நகர்த்தும்போது ‘டக்’ என்று தானே சொல்லிவிடும். ஓவர்டிரைவ் என்னும் கூடுதல் கியர்: வேலை செய்தால் வியக்கலாம். ஆயில்: தொடக்ககால 1798 சிசி இன்ஜினில் மெயின் பேரிங் மூன்றுதான், 1964 இறுதியில் ஐந்தாயிற்று. அந்த மூன்று பேரிங் இன்ஜினில் கிராங்க் தண்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டின்மேல் வெட்டிய மரைதான் சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்ப வேண்டும். சுழலாதபோது என்ன செய்யும் என்பதற்கு வண்டி நின்ற இடத்துத் தரையே சான்று. அடியில் சொட்டு இல்லையேல் உள்ளே ஆயிலே இல்லை என்மனார் புலவர்.

மின்சாரம் சற்று விரித்துரைக்கத் தக்கது. 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியோடு இணைக்கப்பட்டது. நெகட்டிவ் எர்த் பிறகு வந்தது. இடையில் வந்த சொந்தக்காரர்களில் யார் எதை எப்போது மாற்றினார் என்பது தெரியாமல் புது ரேடியோ வாங்கி மாட்டுவோர், புகையின் வாயிலாகக் காலநிர்ணயம் செய்யலாம். இவ்வண்டியின் லூகாஸ் நிறுவன மின்சாதனங்களைப் பற்றிய கேலிகள் இங்கிலாந்தில் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டதால் இங்கு விடப்படுகின்றன. ஆனால் எஸ்யூ பெட்ரோல் பம்ப்பை விட முடியாது. சாவியைத் திருப்பியதும் பின்பக்கமிருந்து ‘டிக் டிக்’ என்று கேட்டால் அது உயிரோடிருக்கிறது. கேட்கவில்லையென்றால் உள்ளிருக்கும் பாயின்ட்டுகள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். இறங்கிப்போய் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டின் வலிமை குறித்து உரைகாரர்களிடையே ஒற்றுமை இல்லை. மென்தட்டே சாலும் என்பது ஒரு கட்சி; ஓங்கித் தட்டுக என்பது மறுகட்சி (காண்க: பெயரற்ற பட்டறைச் சுவடி, கிழிந்த ஏடு, பின்புறம், கிரீஸ் கறைக்கும் தேநீர்க் கறைக்கும் இடைப்பட்ட வரி; அக்கறைகளுள் எது மூத்தது என்பதற்கு அதே ஏட்டின் தொலைந்துபோன மறுபாதி).

இனி, எல்லாக் குறைகளுக்கும் தாயான துரு. எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. பாடியே வண்டியைத் தாங்குகிறது. திறந்த வகையில் கூரையும் இல்லாததால் பாரத்தின் பெரும்பகுதி கதவுகளுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்னும் தகட்டுப் பெட்டியின் தலையில் விழுகிறது. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என அது அடுக்கடுக்கானது. ஈரம் உள்ளே புகுந்து உள்ளிருந்தே வாசிக்கத் தொடங்கும். வெளியே தெரியும்போது கடைசி அத்தியாயம் நடந்துகொண்டிருக்கும். சில்லை முறையாக மாற்ற வேண்டுமென்றால் முன் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டித் திறந்தாக வேண்டும். செலவுக்கு அஞ்சியவர் பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார். இதற்கு உரையெழுதுதல் என்று பெயரிடலாம். மூலத்தில் ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் உரை தடிப்பாக இருக்கும் என்பது வேறு சில துறைகளிலும் கண்ட உண்மை.

இங்கே ஒரு மறுப்பு எழும்: காந்தத்தைக் கொண்டுபோனால் போதாதா? பட்டியில் ஒட்டாது, இரும்பில் ஒட்டுமே? ஒட்டும்தான். ஆனால் துருவின்மேல் வெல்டிங் அடித்த புதுத் தகடும் இரும்பே. காந்தம் அதில் மனநிறைவோடு ஒட்டிக்கொள்ளும். அதைவிட நம்பத்தக்கது ஜாக்கி. ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பார்க்கவும். தூக்குவதற்கு முன் சீராக இருந்த கதவிடுக்கு குலைந்து, கதவு மூட மறுத்தால், சில் வெறும் அலங்காரம். விற்பவர் “ஜாக்கி சரியில்லை” என்பார். அக்கூற்றைப் பாயிரம் என்று கொள்க.

இரண்டாம் மறுப்பு இன்னும் கூரியது: பாடியையே புதிதாக வாங்கிவிட்டால்? வாங்கலாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் பழைய அச்சுக்கருவிகளைக் கொண்டே எம்ஜிபி பாடிகளைப் புதிதாகச் செய்து தந்தது. செம்பதிப்பு என்றால் இதுவன்றோ! ஆனால் புதுப் பாடிக்குள் பழைய இன்ஜினை இறக்கிவைத்த வண்டி 1965-ஐச் சேர்ந்ததா, 1988-ஐச் சேர்ந்ததா என்று கேட்டால், சொந்தக்காரர் எண் தகட்டைக் காட்டுகிறார். அத்தோடு ரசீதுகள் அடங்கிய தலையணைக் கோப்பு ஒன்றையும் நீட்டுகிறார். வண்டி குறையக் குறையக் கோப்பு பருக்கிறது. துரு தின்றதெல்லாம் காகிதமாக மீண்டது என்பதைவிட எமது கோட்பாட்டுக்கு வேறென்ன சான்று வேண்டும்? கோப்பு மட்டும் எஞ்சியிருந்தாலும் அடுத்தவரிடம் விற்றுவிடலாம். சிலர் இதே முறையில் பேராசிரியர்களாகியிருக்கிறார்கள்.

அரசு சோதித்துச் சொல்லுமே என்பது மூன்றாம் மறுப்பு. சொல்லாது. பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து, 40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. பணிமூப்பு அடைந்தபின் எவரும் பரிசோதிப்பதில்லை என்னும் இந்த ஏற்பாட்டைப் பல்கலைக்கழகங்கள் வெகுகாலம் முன்பே கண்டறிந்துவிட்டன. போக்குவரத்துத் துறை தாமதமாகத்தான் வந்தது.

இவ்வளவு தொல்லைக்கு ஜப்பானிய மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ வாங்கிவிட்டுப் போகலாமே என்று கடைசியாகக் கேட்பார்கள். 1989-இல் வெளிவந்த அது பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்த்தே செய்யப்பட்டது. ஆயில் சொட்டாது, சாவியைத் திருப்பினால் கிளம்பும். ஆகவே ஆய்வுக்குத் தகுதியற்றது என்று ஒதுக்கியிருந்தோம். ஆனால் பிரிட்டனின் மழையிலும் குளிர்காலச் சாலை உப்பிலும் ஓடிய அந்த வண்டிகளுக்கும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னே, அதே சில்லில்தான், பெயின்ட் கொப்பளிக்கிறது. மாஸ்டா மூலநூலைப் படித்துவிட்டுத் தன்னூலை எழுதியதா, வழிநூல் செய்ததா என்பது தனியே ஆராயத் தக்கது. தலைப்புத் தேடி அலையும் முனைவர் பட்ட மாணவர்கள் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வந்து பதிவு செய்துகொள்ளலாம்.