தங்கள் மேலான பார்வைக்கு, ஒரு நமத்துப்போன வெடி

அனுப்புநர்:
ஆஃப்செட் அச்சகமொன்றின் பிளேட் பிரிவுத் தொழிலாளி (இரவில் மட்டும் இயக்குநர்),
சிவகாசி, விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
தேர்வுக் குழுவினர்,
ஒரு சர்வதேச அனிமேஷன் திரைப்பட விழா,
ஐரோப்பா. (ஊர்ப் பெயரை எழுதவில்லை. அடுத்த வருடமும் படம் அனுப்பும் உத்தேசம் உண்டு.)

பொருள்: 4 நிமிடம் 10 விநாடி ஓடும் குறும்படம் – நிராகரிக்கப்பட்டது – நன்றியும் சில ஐயங்களும் – தொடர்பாக.

பார்வை: தங்கள் மின்னஞ்சல், இந்திய நேரம் அதிகாலை 2.47.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து குவிந்ததாகவும், எடுக்காததால் என் படம் மட்டம் என்று எண்ணிவிடக்கூடாது என்றும் எழுதியிருந்தீர்கள். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்" என்று சொல்வார்களே, அந்தப் பதம். ஒரே வித்தியாசம், அவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போவார்கள். நீங்கள் பஜ்ஜிக்கும் சேர்த்துப் பெண் வீட்டாரிடமே பணம் வாங்கிக்கொண்டீர்கள்.

எனக்கு இதில் அதிர்ச்சி இல்லை. காசியிலிருந்து பாண்டிய மன்னன் தென்காசிக்குக் கொண்டு போன லிங்கம் வழியில் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டதாம்; அதனால்தான் இது சிவகாசி என்கிறது தலபுராணம். போய்ச் சேராத பார்சலைச் சுற்றி எழுந்த ஊர் இது.

முதலில் கட்டண விஷயம். எங்கள் பட்டாசு விலைப்பட்டியலில் ஒரு பெட்டி ஆயிரம் ரூபாய் என்று போட்டு, பக்கத்திலேயே 80 சதவீதம் தள்ளுபடி என்றும் போட்டு, இருநூறுக்குக் கொடுப்போம். ஆயிரம் என்பது யாருக்கான விலை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பட்டியலை அச்சடிப்பதும் நாங்கள்தான். நீங்களோ முந்தி வந்தவனுக்கு ஒரு விலை, நேரத்துக்கு வந்தவனுக்கு ஒரு விலை, பிந்தி வந்தவனுக்கு ஒரு விலை, எல்லாம் முடிந்த பிறகு 'நீட்டிக்கப்பட்ட கடைசித் தேதி' என்று இன்னொரு விலை வைத்திருக்கிறீர்கள். தீபாவளிக்கு மறுநாள் விலையை ஏற்றி விற்கும் சாமர்த்தியம் எங்கள் அண்ணாச்சிமார் யாருக்கும் கைகூடவில்லை. பேர்பெற்ற பழைய விழாக்கள் சில கட்டணமே கேட்பதில்லை என்பதை நான் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொண்டேன். அது என் விதி.

அடுத்து விண்ணப்பம். 'தொழில்நுட்பம்' என்ற இடத்தில் பொம்மை, களிமண், மணல், வெட்டுக் காகிதம், கணினி என்று வரிசையாகக் கட்டம் வைத்திருந்தீர்கள். 'வீணாய்ப்போன காலண்டர்' இல்லை. 'மற்றவை'யில் டிக் அடித்தேன். ஐம்பது சொல்லுக்குள் விளக்கச் சொன்னீர்கள்; அங்கே அடக்க முடியாததை இங்கே சொல்கிறேன்.

ஆடிப்பெருக்கன்று எங்கள் ஊரில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்று பிடித்த ஓட்டம் மார்கழி வரை ஓயாது. தினசரிக் காலண்டர் என்றால் 365 தாள். புதுக் கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் வளைத்து விர்ரென்று விட்டால் தேதிகள் ஓடும், ஏழு தாளுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு கண் சிமிட்டும். நான் பார்த்த முதல் அனிமேஷன் படம் அதுதான். விநாடிக்கு 24 படம் என்ற உங்கள் கணக்கில் ஒரு முழு வருடம் பதினைந்து விநாடியில் தீர்ந்துவிடுகிறது. பைண்டிங் பிரிவு அக்காவிடம் இதைச் சொன்னேன். "சரியாத்தான் இருக்கு, போன வருசம் அப்படித்தான் போச்சு" என்றார்.

மிஷினில் நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை தாள் வீணாகிக்கொண்டே இருக்கும். முருகனுக்கு இரண்டு மூக்கு வரும். லட்சுமியின் உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டிக் கன்னத்தில் நிற்கும். அந்தத் தாள்களின் பின்பக்கம் மட்டும் சுத்த வெள்ளை. எடைக்குப் போவதில் கொஞ்சத்தை முதலாளி எனக்குத் தந்தார். விநாடிக்குப் பன்னிரண்டு வீதம் 250 விநாடிக்கு 3,000 தாள் வரைந்தேன். உற்றுப் பார்த்தால் சில காட்சிகளில் பின்னாலிருந்து முருகன் தெரிவார். அதை 'பல அடுக்குக் கதைசொல்லல்' என்று இயக்குநர் குறிப்பில் எழுதச் சொல்லி நண்பன் யோசனை சொன்னான். எழுதினேன், மன்னிக்கவும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. பட்டாசு ஆலை வேனிலிருந்து இறங்கிய ஒரு பெண் கை கழுவுகிறாள். அலுமினியப் பொடியில் நாள் முழுக்கக் கிடந்த கை முழங்கை வரை வெள்ளியாக இருக்கும், நகக்கணுவில் மட்டும் கறுப்பு. சோப்புப் போட்டால் நுரையும் சாம்பல் வெள்ளியாகும். வாளித் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி ஒரு படலம் மிதக்கும். அதில் டியூப் லைட் விழுந்து நெளியும். மூன்று தடவை கழுவிய பிறகும் கைரேகைக்குள் மினுமினுப்பு போகாது. என் அம்மா அந்தக் கையால்தான் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தார். கோவிலில் அம்மனுக்கு வெள்ளிக் கவசம் சாத்தியிருப்பதைப் பார்த்து, அம்மனும் எங்கேயோ வேலைக்குப் போய்வருகிறாள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

இதற்கு உங்கள் தேர்வாளர் ஒருவர் கருத்து எழுதியிருந்தார் (அதற்குத் தனிக் கட்டணம், அதையும் கட்டினேன்). பட்டாசு ஊரிலிருந்து வந்த படத்தில் ஒரு வெடிகூட வெடிக்காதது ஏமாற்றம், ஒலியும் மிகக் குறைவு என்பது சாரம்.

ஐயா, உங்கள் ஊரில் வெடிச் சத்தம் கேட்டால் வானத்தைப் பார்ப்பீர்கள். எங்கள் ஊரில் பட்டப்பகலில் சத்தம் கேட்டால் புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம். அந்தத் திசையில் யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று மனசு ஓடும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் போன் போடுவதால் லைன் கிடைக்காது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தது அப்படி ஒரு நாள். அந்தச் சத்தத்துக்கு ஒலிப்பதிவு செய்ய எனக்குத் திராணியில்லை. அதனால் படத்தில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வைத்தேன்.

படத்தில் மின்னி மறையும் ஒளி உண்டா, பார்வையாளருக்கு வலிப்பு வர வாய்ப்புண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம் எல்லாம் செய்கிற ஊரிலிருந்து வந்த படத்தில் மின்னுவது ஒரு கை மட்டும்தான் என்று பதில் எழுதினேன். பசுமை நடைமுறைகளைப் பின்பற்றினீர்களா என்ற கேள்விக்குத்தான் திணறிவிட்டேன். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்தது. மத்தாப்பில் பச்சை நிறம் அந்த உப்பு தந்தது. அதே தீர்ப்பில் சரவெடியும் போயிற்று. இப்போது பெட்டியில் நீரி ஆய்வு நிறுவன முத்திரையும் கியூஆர் கோடும் போட்டு 'பசுமைப் பட்டாசு' செய்கிறோம். பச்சை போய்ப் பசுமை வந்த ஊரில் இந்தக் கேள்விக்கு ஆம் என்று எழுதுவதா இல்லை என்று எழுதுவதா? 'பரிசீலனையில்' என்று எழுதிவிட்டேன். அரசு அலுவலகங்களில் இந்தச் சொல் செல்லுபடியாகும்.

300 டி.பி.ஐ. தரத்தில் ஸ்டில் கேட்ட இடத்தில் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினேன். எங்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. பிளேட்டுக்குப் போகிற சுத்தத்தில் சி.எம்.ஒய்.கே. கோப்பாக அனுப்பினேன். ஆர்.ஜி.பி.யில்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினீர்கள். மூன்று தலைமுறையாக மையில் வாழ்கிறவனை ஒளிக்கு மாறச் சொன்னால் எப்படி? மாறினேன். முருகனின் மஞ்சள் போயே போயிற்று.

படம் உலகில் வேறெங்கும் காட்டப்பட்டிருக்கக்கூடாது என்பது உங்கள் விதி. நான் பொய் சொல்லவில்லை: விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது, தெருவில் வேட்டியைக் கட்டி ஒருமுறை போட்டேன். பார்த்தவர்கள் ஒரு அறுபது பேர். படம் முடிந்ததும் முன்வரிசைப் பாட்டி ஒருத்தி, "கடலை மாவு போட்டுத் தேய்க்கச் சொல்லுய்யா, போயிரும்" என்றாள். நான் காசு கொடுக்காமல் கிடைத்த ஒரே விமர்சனம் அது. இதனால் என் படம் 'உலக முதல் திரையிடல்' தகுதியை இழந்ததாகத் தெரிவித்தீர்கள். விருதுநகரை உலகத்தில் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி.

கடைசியாக, 'இயக்குநர்' என்ற கட்டம். அதில் ஒரு பெயர்தான் கொள்ளும். அது ஏன் போதாது என்று சொல்ல, கொஞ்சம் பழைய கதை பேச வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபில் வேண்டியிருந்தது; லேபிலுக்காக அச்சகம் வந்தது; அச்சகம் சும்மா நிற்கக்கூடாதென்று காலண்டர் வந்தது. காலண்டரில் கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜுவின் கையெழுத்தைப் பார்க்கலாம். லேபிலில் புலி, மயில், சாவி, கப்பல் என்று வரைந்தவர்களுக்குக் கையெழுத்துப் போட இடமில்லை. இரண்டு அங்குலத்தில் புலி நிற்பதே பெரிது.

அந்த லேபில் படங்கள் ஒருமுறை உங்கள் உலகத்துக்கு வந்திருக்கின்றன. மும்பையின் கீதாஞ்சலி ராவ் 'பிரின்டட் ரெயின்போ' என்று பதினைந்து நிமிடப் படம் எடுத்தார். தனியாக வாழும் ஒரு வயதான அம்மா, கூட ஒரு பூனை. சேர்த்துவைத்த தீப்பெட்டிப் படங்களுக்குள் அவள் போய்வருகிறாள். 2006இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் மூன்று விருது வாங்கியது. படத்தை வரைந்ததும் அவரே. அவர்மேல் எனக்குப் பொறாமை தவிர வேறு குறையில்லை. நான் அதைப் பல வருடம் கழித்துக் கைப்பேசியில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் பீடி பற்றவைத்தவர் குச்சியை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ளயா போறா?" என்றார். ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக 2021 டிசம்பரில் ஏறிய பெட்டி அது. ஏறின நாள் முதல் அவர் அதை அவ்வளவு மரியாதையாகப் பார்த்து நான் கண்டதில்லை.

எனவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது: 'இயக்குநர்' கட்டத்தைச் சற்று அகலப்படுத்தினால் நல்லது. 'தொழில்நுட்பம்' வரிசையில் காலண்டரைச் சேர்க்கலாம். பெயரைச் சொன்னாலே எங்களைப் போன்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஆன்சி அனிமேஷன் விழாவில், படம் தொடங்கும் முன் கூட்டம் காகித விமானம் செய்து மேடையை நோக்கி விடும் என்று கேள்விப்பட்டேன். உங்கள் விழாவிலும் அந்தப் பழக்கம் உண்டென்றால் தாள் நாங்கள் தருகிறோம். லாரி வாடகை உங்களுடையது. இரண்டு மூக்கு முருகன் பறந்தால் நன்றாகத்தான் இருப்பார்.

அடுத்த படத்துக்கு 4,200 தாள் தேவைப்படுகிறது. காகித விலை ஏறியதிலிருந்து முதலாளி வீணான தாளையும் எண்ணிக் கொடுக்கிறார். ஆகவே இனி வரும் நிராகரிப்புகளை மின்னஞ்சலில் அனுப்பாமல், தயவுசெய்து தபாலில், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்ப எண் கேட்டால் தருபவன்.

இணைப்பு: காராச்சேவு அரைக் கிலோ, சாத்தூர். (சுங்கத்தில் பிடித்தால் நான் பொறுப்பல்ல.)