எந்த ஊர்த் தமிழ்?

பிரெஞ்சுக்காரர்கள் 200 வருஷத்துக்கு மேல் இருந்தும் காரைக்கால் பேச்சில் பிரெஞ்சு வாடையே காணோமே?

1739-ல் வந்தவர்கள் 1954-ல் போய்விட்டார்கள். 'கொம்யூன்' என்ற பிரெஞ்சுச் சொல் மட்டும் போகவில்லை. நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் ஐந்தும் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள்தான். மற்றபடி, வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குள் நுழைந்தால் மாநிலம் மாறும், பேச்சு மாறாது.

எங்கள் தெரு முஸ்லிம் வீடுகளில் குழம்பை 'ஆணம்' என்கிறார்கள். அரபுச் சொல்லா?

அசல் தமிழ்! சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் குழம்பு என்ற பொருளோடு இருக்கிறது. நோன்பு, தொழுகை, பெருநாள் எல்லாமும் தமிழே. காலையில் "பசியாறியாச்சா?" என்று கேட்பவர்களும் அவர்கள்தான். "டிபன் ஆச்சா?" என்று கேட்கும் நாம் எந்த மொழிக்காரர்கள்?

சென்னையில் வேலை. என் காரைக்கால் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். மாற்றிக்கொள்ளட்டுமா?

சிரிப்பவர்கள் பேசுவது மட்டும் ஊரே இல்லாத தமிழா? சம்பந்தருக்கு முன்பே பதிகம் பாடிய காரைக்கால் அம்மையாரின் ஊர்க்காரர் நீங்கள். காலை ஊன்றி நில்லுங்கள். பேச்சை வைத்து ஆளை எடைபோடுவது சாதி கேட்பதற்குச் சமம். மாற வேண்டியது அந்தச் சிரிப்புதான்.