சோற்றிலக்கணம்: பழவேற்காட்டு நெய்தற் படலம்

உணவின் சத்து மூவகைப்படும்: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. முதலிரண்டும் கிராமுக்கு 4 கலோரி தரும். மூன்றாவது 9 தரும். இப்படி வகுத்தவர் அமெரிக்காவின் ஆட்வாட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்களை ஓர் அறைக்குள் நாள்கணக்கில் உட்காரவைத்து, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்து பார்த்தவர் அவர். கிராமுக்கு 7 கலோரி தரும் நான்காவது ஒன்றும் உண்டு. அதை டாஸ்மாக் விற்கிறது. எடை குறைக்கப் புறப்பட்டவர்கள் தங்கள் கணக்கில் அதை எழுதுவதில்லை. ஆகவே இந்நூலும் எழுதாது.

இனி, இம்மூன்றையும் நிலத்தால் வகுப்பதே நம் மரபுக்கு ஒத்தது. நெல் விளையும் மருதம் மாவுச்சத்து. மீன் படும் நெய்தல் புரதம். ஆநிரை மேயும் முல்லை, நெய்யும் வெண்ணெயுமாகக் கொழுப்பு. தினையும் தேனும் விற்று இரண்டுக்கும் ஏகப்பட்ட விலை சொல்லும் சிறுதானியக் கடைக்காரரைக் குறிஞ்சியில் அடக்குக. பாலைக்கு உணவே இல்லை: பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்து எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்போர் அந்நிலத்தார். ஒவ்வொரு நிலத்தாரும் மற்ற நான்கையும் பகை என்பர். சோற்றைக் கண்டால் முகம் திருப்பும் 'கீட்டோ' முல்லையார் இதில் முதன்மையானவர்.

நெய்தலுக்கு எடுத்துக்காட்டு யாது எனின், பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று ஊரில் அவர்களைத் தேடினால் கல்லறைத் தோட்டத்தில்தான் பார்க்கலாம். ஏரி ஆழமற்றது. பல இடங்களில் கோல் ஊன்றித்தான் படகு தள்ளவேண்டும். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதைக் குலுக்கல் போட்டும் முறை வைத்தும் ஊரே தீர்மானிக்கும். அதற்குப் பாடு என்று பெயர். இருளர்கள் வலையும் இல்லாமல், நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள்.

இத்தனை புரதம் படும் ஊரில் புரதத்துக்குக் குறை இருக்காது என்பார் மருதத்து அறிஞர். அது பொருந்தாது. என்னை? நெய்தலார் புரதத்தைப் பிடிப்போரே அன்றி வைத்துக்கொள்வோர் அல்லர். மீனும் உப்பும் கொடுத்து நெல் வாங்கியது சங்க காலத்து வழக்கம். இன்று நடுவில் ரூபாயும் ஐஸ் பெட்டியும் வந்திருக்கின்றன, அவ்வளவே. வெள்ளை இறால், பச்சை நண்டு, கொடுவா மூன்றும் கரையேறிய சூட்டோடு ஏலம் போய்ச் சென்னைக்கு வண்டி ஏறும். கூடையின் அடியில் கிடக்கும் காரப்பொடியும் கிழங்கானும் வீட்டுக்கு வரும், அதுவும் வலை கொடுத்தால். முகத்துவாரம் மணல் மூடிய பருவத்தில் அதுவும் சந்தேகம்.

ஆகவே மாந்தர் நால்வகைப்படுவர்: பிடிப்போர், விற்போர், மீனை நிறுப்போர், தம்மை நிறுப்போர். கடைசி வகையினர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வருவார்கள். ஒருவர் கேட்பார்: "அக்கா, இந்த மீன்ல புரோட்டீன் எவ்ளோ இருக்கும்?" அக்கா சொல்லுவார்: "அதெல்லாம் தெரியாது தம்பி, கூறு நூறு ரூபா." இரண்டும் அளவைகளே. ஆனால் அக்காவின் அளவையில் அரிசி வாங்க முடியும்.

அடுத்து, தட்டு. இந்நூலின் உயிர்நிலை இங்கேதான்.

ஒரு சட்டி மீன் குழம்பு, ஒரு பானை சோறு. முதல் பந்தியில் உட்காருபவருக்கு 400 கிராம் சோறு, 100 கிராம் மடவைத் துண்டம், குழம்பில் மிதக்கும் எண்ணெய் 10 கிராம் என்று கொள்க. புளி, மிளகாயை விட்டுவிடலாம். சோற்றில் மாவுச்சத்து 112 கிராம்; புரதம் சோறும் மீனுமாக 30; கொழுப்பு 15. மொத்தம் ஏறத்தாழ 700 கலோரி. அதில் மாவுச்சத்து 64 விழுக்காடு, புரதம் 17, கொழுப்பு 19. இந்தியர் உண்ணும் கலோரியில் சராசரியாக 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று சென்னையின் மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2025இல் வெளியிட்டார்கள். முதல் பந்திக்காரர் அந்தச் சராசரி இந்தியருக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது கடைசிப் பந்தி. அங்கே உட்காருபவர் சமைத்தவர்; விடியற்காலை ஏலத்தில் கூடை தூக்கியவரும் அவரே. சட்டியில் துண்டம் தீர்ந்திருக்கும். அதே 400 கிராம் சோறு, அதே எண்ணெய், மீன் வாசம். விகிதம் 76, 7, 17. வாசத்தில் புரதம் இல்லை என்பதை எந்த மதத்து ஆசிரியரும் மறுக்கமாட்டார். ஒரே அடுப்பு, ஒரே சட்டி, இரண்டு இலக்கணம். வேற்றுமைக்குக் காரணம் பந்தியில் உட்கார்ந்த வரிசை. எடையைப் பற்றி எழுதும் நூல்களில் இந்த வரிசைக்கு ஒரு பத்திகூடக் கிடையாது.

மூன்றாவதாக ஒரு கற்பனைத் தட்டு. சோற்றைப் பாதியாக்கி 200 கிராம், மீனை இரட்டிப்பாக்கி 200 கிராம், எண்ணெய் அதே. மொத்தம் 565 கலோரி. விகிதம் 40, 31, 29. பாரி சியர்ஸ் என்ற அமெரிக்கர் 1995இல் 'ஸோன்' என்று புத்தகம் போட்டு உலகம் முழுக்க விற்ற 40, 30, 30 இதுதான். ஒரு வேளைக்கு 135 கலோரி குறைகிறது, புரதம் 44 கிராமுக்கு ஏறுகிறது. இளைக்கவும் வேண்டும், தசையும் கரையக்கூடாது என்பவருக்கு வேறு மந்திரம் இல்லை. அந்த விகிதம்தான் புனிதம் என்பது என் கட்சி அன்று. மொத்தக் கலோரி குறையாமல் எந்த விகிதமும் இளைக்கவைக்காது.

தட்டு மாறினால் உடம்பும் மாறும் என்பதற்கு ஓர் எலிச் சான்றும் உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத் போய், பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அவர் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குப் போட்டு வளர்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலி எல்லாவற்றிலும் கனத்தது. அரிசியே பிரதானமான மதராஸ் உணவு தின்ற எலி எல்லாவற்றிலும் இளைத்தது. இளைத்ததே வெற்றி என்று இக்காலத்தார் மகிழக்கூடாது. குறைந்தது கொழுப்பு அன்று, வளர்ச்சி.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இன்றைய கணக்கில் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாளொன்றுக்குப் போதும். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். தசை வளர்க்கப் பளு தூக்குவோருக்கு 1.6 கிராம் வரை பயன் தெரிகிறது, அதற்கு மேல் சொல்லும்படி இல்லை என்று 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை முடிவு சொன்னது. அதே ஆளுக்கு 96 கிராம்; ஏறத்தாழ அரைக் கிலோ மீன். உடம்பு வளர்க்கப் புரதப் பொடி வேண்டாம் என்று 2024இல் அந்நிறுவனமே எழுதிவிட்டது. பொடி வியாபாரம் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

தசை இருவகை: உழைப்புத் தசை, காட்சித் தசை. கோல் ஊன்றி, வலை இழுத்து வந்த தோள் முன்னது. கண்ணாடி முன் வருவது பின்னது. எஞ்சின் வைத்த ஃபைபர் படகு கோலின் வேலையைக் குறைத்தது, சோற்றின் அளவை யாரும் குறைக்கவில்லை. நடுவயதில் மூன்றாவது ஒரு வகை இடுப்பில் தோன்றியது. அது தசை அன்று.

இனிப் புறனடை. 20 கிலோ அரிசி பெறும் ரேஷன் அட்டையை ஒரு தட்டாகப் பாவித்தால் என்ன ஆகும்? 2011 முதல் அரிசிக்குக் காசில்லை. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். சர்க்கரையைச் சேர்க்காமலே விகிதம் ஏறக்குறைய 80, 8, 12. பசியைத் தீர்க்க வந்த அட்டை அது, தீர்த்தது. குறை சொல்ல மனமில்லை. ஆனால் அதற்கு ஈடுகட்டும் நெய்தல் பக்கத்திலேயே கிடந்தும் ஐஸ் பெட்டியில் ஏறிப் போகிறது என்பதையும் எழுதவேண்டும்.

இறாலை விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தக் காசில்தான் பள்ளிக் கட்டணம் போகிறது. சொல்லக்கூடியது இவ்வளவு: காரப்பொடியின் புரதமும் வஞ்சிரத்தின் புரதமும் ஒரே 4 கலோரிதான். சென்னாக்குன்னி ஒரு பிடி வறுத்துப் போட்டால் கடைசிப் பந்தியின் 7 உயரும். கருவாடும் உயர்த்தும், ஆனால் உப்பு ஏறும். ரத்த அழுத்தம் உள்ளவர் அளவோடு நிற்கவும். அதற்கும் முன்னால் ஒன்று: துண்டத்தை எண்ணி, சமைத்தவருக்கு முதலில் எடுத்து வையுங்கள்.