லென்ஸ் மூடி தொலைதல்: எல்லையோரக் கள ஆய்வு

தொலைகிற பொருள்கள் இருவகைப்படும்: தேடினால் கிடைப்பவை, தேடினாலும் கிடைக்காதவை. குடை, சாவி, ரேஷன் அட்டை முதலியன முதல் வகை. லென்ஸ் மூடி இரண்டாம் வகை. கேமராவைப் பற்றி எழுதுகிறவர்கள் சென்சார், மெகாபிக்சல் என்று பெரிய இடத்துச் சமாச்சாரங்களையே பேசிக்கொண்டிருப்பதால், சாமானியனின் அன்றாடத் துயரமான இந்த வட்டப் பிளாஸ்டிக் துண்டைக் கேட்க நாதியில்லை. அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரமும், இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரமும். இவ்விரு ஓரங்களிலும் ஜனங்கள் தமிழில் சண்டை போடுகிறார்கள், மலையாளத்தில் மனு எழுதுகிறார்கள், கோவையிலும் தேனியிலும் போய்க் கேமரா வாங்குகிறார்கள். வேறு களம் கிடைக்கவில்லையோ எனின், அற்றன்று. ஒரு மூடி எந்த மாநிலத்தில் தொலைந்தது என்ற கேள்வியே சிக்கலாகிற நிலம் இதுபோல் வாய்ப்பது அரிது. அதைப் பின்னர் விரிப்போம்.

முதலில் வரலாறு. இன்று ஏளனத்துக்கு ஆளாகும் இந்த மூடி ஒரு காலத்தில் கேமராவின் உயிர்நாடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கேமராவுக்குள் ஷட்டர் என்று தனியாக ஒன்று கிடையாது. படம்பிடிப்பவர் மூடியைக் கழற்றுவார், மனசுக்குள் எண்ணுவார், திரும்ப மூடுவார், அதுதான் எக்ஸ்போஷர். சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டி, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக்கினார். நடுவில் மூடி தொலைந்திருந்தால் அத்தோடு வேலை நின்றிருக்கும். பட்டை முழுசாக இருக்கிறது. ஆகவே மூடி தொலையவில்லை. இது அனுமானப் பிரமாணம். மறுப்பார் மறுக்கலாம்.

பிறகு ஷட்டர் வந்தது, மூடி வேலையிழந்தது. வேலையில்லாதவர் ஊர் சுற்றப் போவது இயல்பே.

இனிக் களம். பரம்பிக்குளம் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில்; சாலை வழியோ பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். ஜீப் ஏறுவதோ இடுக்கியின் சூரியநெல்லியில். ஒன்று கேரளம், தமிழ்நாட்டு வழியாக. மற்றது தமிழ்நாடு, கேரளத்து வழியாக. விடிகாலை இருட்டில் கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாதையில் இடுப்பெலும்பே இடம் மாறும். சட்டைப்பையிலிருக்கும் மூடி எம்மாத்திரம்? அது எந்த வளைவில் குதித்தது, அங்கே எந்த மாநிலத்தின் அதிகாரம் செல்லும் என்பதைச் சர்வேயர் வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

இடுக்கியின் ராமக்கல்மேடு இதைவிடத் தெளிவான இடம். அங்கே காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது அழகுக்காக அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது பாறை விளிம்பில் நின்று மூடியைக் கழற்றினால், அது கேரளத்தை விட்டுக் கிளம்பி நேரே கீழே கம்பம் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடும். சட்டப்படி பார்த்தால் இது மாநிலங்களுக்கு இடையிலான சரக்குப் போக்குவரத்து. 2017 ஜூலை 1-க்கு முன்பென்றால் பாலக்காட்டு எல்லையில், வாளையாரில் வணிகவரிச் சோதனைச் சாவடி என்று ஒன்று நின்றிருந்தது, ஜி.எஸ்.டி. வந்ததும் அதன் வேலை போயிற்று. இப்போது மூடிகள் தாராளமாகப் பறக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு மட்டும்தான் லாபம் என்று யாரும் குறைபட வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. கார்த்திகை, மார்கழியில் அதன் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கம் நின்று படமெடுப்பவர் விட்ட மூடி மேற்கே கேரளத்துக்குள் போகும். ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்தால் இரு மாநிலமும் கடன்பட்டிருக்காது என்பது என் துணிபு.

இரவிகுளம் தேசியப் பூங்கா தனி வழக்கு. ராஜமலையில் வரையாடு பாதை ஓரத்துக்கே வந்து நிற்கும். அதைக் கண்ட பதற்றத்தில் மூடியைக் கழற்றுகிறவர் அதை எங்கே வைக்கிறார் என்று அவருக்கே தெரியாது. பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது பூங்கா விதி. ஆகவே தடுப்புக்கு அப்பால் விழுந்தது வனத்துறைச் சொத்து. 2018-இல் நீலக்குறிஞ்சி பூத்தபோது இப்படி விட்டவர்கள் 2030-இல் மறுபடி பூக்கும்போது வந்து எட்டிப் பார்க்கலாம். பூ வரும்.

தொலையும் முறைகளை நுணுகிப் பிரித்தால் பக்கம் நிறைந்துவிடும். சட்டைப்பை, பல்லிடுக்கு, மனைவியின் கைப்பை, 'இங்கதான வெச்சேன்' என்று நான்காகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். பல்லில் கடித்துக்கொண்டவருக்கு மூடி தொலைவதே இல்லை, ஆனால் வரையாடு தலையைத் தூக்கியதும் "ஆ!" என்று வாயைத் திறக்கிறார்.

விஷயம் உண்மையில் கனமாவது கடையில். கோவையில் ஒரு கடைக்குப் போனால் உரையாடல் இவ்வாறு நிகழும்:

"கேப்பு எத்தன எம்.எம்.ங்ணா?"

"பதினெட்டு அம்பத்தஞ்சுங்க."

"அது ஜூமுங்ணா. வாய் எத்தனைன்னு கேட்டனுங்."

இதில் வாடிக்கையாளரை நோவதற்கில்லை. 18–55 என்பது குவியத்தூரம், அதுவும் மில்லிமீட்டர். லென்ஸின் வாய் விட்டம் வேறு, அதுவும் மில்லிமீட்டர். அதே 18–55 என்ற பெயரில் கேனான் எஸ்.எல்.ஆர். கிட் லென்ஸுக்கு வாய் 58. நிக்கானில் பழைய வகைக்கு 52, பின்னால் வந்த ஏ.எஃப்-பி வகைக்கு 55. கேனான் எஸ்.எல்.ஆரின் ஐம்பது எம்.எம். எஸ்.டி.எம். லென்ஸுக்கு 49. ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் மூடி உட்காராது. சரி, அளவு எங்கே எழுதியிருக்கும்? மூடியின் உட்புறத்தில். அதாவது, தொலைந்துபோன மூடியின் உட்புறத்தில். கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றிருக்கிறது.

இன்னோரிடத்திலும் எழுதியிருக்கிறார்கள். லென்ஸின் முன்வளையத்தில் குறுக்கே கோடு கிழித்த சுழியம் ஒன்று இருக்கும். பக்கத்தில் ஓர் எண். அந்தச் சுழியம் விட்டத்தின் குறி, எண்தான் நாம் தேடும் எண். அச்சுப் பிழை என்று பலர் அதைக் கடந்துபோகிறார்கள்.

அங்காடி இதற்கு மருந்தும் விற்கிறது. மூடிக்கு ஒரு கயிறு; மூடியின் முதுகில் ஒட்டும் பொட்டு ஒன்று, அதிலிருந்து லென்ஸ் கழுத்துக்கு ஒரு சரடு. தொலையாது, உண்மை. ஆனால் ராமக்கல்மேட்டுக் காற்றில் அது லென்ஸின் மேல் டக்டக்கென்று அடித்து, வீடியோ முழுக்கக் கதவைத் தட்டும் ஓசையைப் பதிவு செய்யும். அடுத்தது யு.வி. ஃபில்டர்: கண்ணாடிக்குக் காவலாக இன்னொரு கண்ணாடி. பிறகு அந்தக் காவல் கண்ணாடியைக் கீறாமல் காக்க மூடி வேண்டும். கல்யாணப் படக்காரர்களைக் கேட்டால் வேறு பதில். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் முகூர்த்தத்துக்கு இரண்டு கேமரா தோளில் மாட்டி வருகிறவர் மூடி போடுவதே இல்லை. ஹூட் ஒன்றே போதும் என்பார். தாலி ஏறும் நேரத்தில் மூடி கழற்றிக்கொண்டிருந்தால் மிச்சப் பணம் யார் தருவார்?

மூடியே ஆகாது என்போர் மதமும் உண்டு, அவர் இடுக்கியார். மழைக்காலத்தில் மூணாறில் துணியே காய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி நூல் போலக் கிளைவிட்டு, கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். இருட்டும் ஈரமும் அதற்கு உகந்தவை. மூடிப் பையில் திணித்து அலமாரியில் பூட்டி வைத்தவர், காப்பதாக நினைத்து நாற்றங்கால் போட்டிருக்கிறார். இவர்கள் சொல்வது பாதி சரி. தவறு மூடியினது அன்று, பூட்டினது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, வெயில் கண்ட நாளில் வெளியே எடுத்துக் காட்டினால் மூடியும் லென்ஸும் ஒற்றுமையாக வாழும்.

நம்மூர்க்காரர்களுக்கு மட்டும்தான் கைராசி இல்லை என்று எண்ண வேண்டாம். சோவியத் யூனியன் வெள்ளிக் கிரகத்துக்கு அனுப்பிய கலங்களைப் பாருங்கள். 1975-இல் இறங்கிய வெனேரா 9, 10 இரண்டிலும் இரண்டிரண்டு கேமரா. ஒவ்வொரு கலத்திலும் ஒரு மூடி கழல மறுத்தது. 1978-இல் போன 11, 12-இல் எந்த மூடியும் கழலவில்லை. ஒரு படம்கூட இல்லை. 1982-இல் வெனேரா 14-இல் ஒருவழியாகக் கழன்றது. கழன்ற மூடி, மண்ணின் இறுக்கத்தை அளக்க நீளும் கைக்கு நேர் அடியில் போய் விழுந்தது. கை மண்ணை விட்டு மூடியை அளந்தது என்பார்கள். கழற்ற நினைத்தால் கழலாது, கழன்றால் வேண்டாத இடத்தில் விழும் என்ற விதி கொழுக்குமலைக்கு மட்டும் உரியதல்ல.

எனவே தீர்ப்பு: மூடி தொலைவதைத் தடுக்க இயலாது. மாற்று மூடி மட்டும் சாத்தியம்; கேமராவோடு சேர்த்து வாங்க வேண்டிய துணைக்கருவிகளில் முதல் இடம் அதற்கே. பணம் கொடுக்கும் முன் முன்வளையத்து எண்ணைப் படித்து போனில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அளவில் இரண்டாய் வாங்குங்கள். ஒன்றை வீட்டிலேயே விடுங்கள். ராமக்கல்மேட்டுக்குக் கீழே கோம்பை, தேவாரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ஆடிக் காற்று ஓய்ந்ததும் வரப்போரம் ஒரு நடை பாருங்கள். கறுப்பு வட்டமாக ஏதேனும் கிடந்தால் புரட்டிப் பாருங்கள், அளவு உள்ளே எழுதியிருக்கும்.